4,60,000 ரூபாயா, ஒன்றரை லட்சமா?

கேள்வி: நாங்கள் செம்பூரில் இருக்கிறோம், சொந்த ஊர் மதுரை. கணவர் ஆபீஸ் வேலையாக வருஷத்துக்கு நாலு தடவையாவது ஜெர்மனி போய்வருகிறார். அப்படிப் பறந்ததற்கு விமான நிறுவனம் பரிசாகக் கொடுத்த மைல், அதாவது டிக்கெட்டாக மாற்றிக்கொள்ளும் புள்ளி, 2,40,000. அதில் 80,000 வரும் மார்ச்சில் காலாவதி. இது தவிர கிரெடிட் கார்டில் 90,000 பாயின்ட் இருக்கிறது. ‘நம்மகிட்ட நாலு லட்சத்து அறுபதாயிரம் சும்மா கிடக்கு’ என்று நண்பர்களிடம் எல்லாம் சொல்கிறார். எங்கள் 15-வது கல்யாண நாளுக்கு இரண்டு பேரும் பிசினஸ் கிளாஸில் பிராங்பர்ட் போய்வரலாமாம், டிக்கெட் ஃப்ரீயாம். குறைகிற மைலைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாமாம். எனக்கோ மே மாதம் தம்பி மகனின் ஆண்டு நிறைவுக்குச் சிங்கப்பூர், நவம்பரில் தீபாவளிக்கு மதுரை என்று குழந்தைகளோடு நாலு பேருக்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும். தங்கை கல்யாணத்துக்கு 8 லட்சத்துக்கு நகை வாங்குகிறோம். அதையும் கார்டில் போடச் சொல்கிறார். கார்டு என்றால் 2 சதவீதம் கூட ஆகும் என்கிறார் கடைக்காரர். வீட்டுச் செலவு வருஷத்துக்கு 9 லட்சமும் இந்தக் கார்டில்தான் போகிறது. அதற்குப் பதில், செலவில் ஒன்றரை சதவீதம் பணமாகவே திரும்புகிற கேஷ்பேக் கார்டு வாங்கலாமே என்கிறேன் நான். ஒரு மைல் உண்மையில் எவ்வளவு சார் பெறும்? விலை விவரம் எல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்திருக்கிறேன்.
- பெயர் வேண்டாம், செம்பூர்

பதில்:

உங்கள் வீட்டுக்காரர் அந்த 4,60,000 ரூபாயை எங்கே பிடித்தார் என்று முதலில் தேடினேன். நீங்கள் அனுப்பிய முதல் படத்திலேயே இருக்கிறது. மும்பையிலிருந்து பிராங்பர்ட், பிசினஸ் கிளாஸ், ஒரு வழிக்கு ரொக்க விலை 1,85,000 ரூபாய். மைலில் எடுத்தால் 85,000 மைலும், வரி, கட்டணம் என்று கையிலிருந்து 22,000 ரூபாயும். ரொக்க விலையில் 22,000-ஐக் கழித்து 85,000-ஆல் வகுத்தால் மைலுக்கு 1 ரூபாய் 92 பைசா. அதை 2,40,000-ஆல் பெருக்கினால் 4,60,800. கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. வரியைக் கழிக்க வேண்டும் என்று கூட அவருக்குத் தெரிந்திருக்கிறது, பாதிப் பேர் அதை மறந்துவிடுவார்கள்.

இடறுவது வேறு இடத்தில். அவரிடம் இந்த மைல் எதுவுமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,85,000 ரூபாய் கொடுத்து அந்த சீட்டை வாங்கியிருப்பாரா? நிச்சயமாக மாட்டார். அப்படியானால் அந்தப் பணம் மிச்சமானதாகவும் எழுத முடியாது. ஆயிரம் ரூபாய்ப் புடவையில் ‘ஐயாயிரம், தள்ளுபடி போக ஆயிரம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பான். அதை வாங்கிக்கொண்டு நாலாயிரம் லாபம் என்று வீட்டில் சொன்னால் அவரே சிரிப்பார்.

சரி, பிராங்பர்ட் போயே ஆக வேண்டும், ஆபீஸ் கொடுக்காது என்றால் என்ன வாங்குவார்? எகானமி. உங்கள் இரண்டாவது படத்தில் போக வர 76,000, ஆக ஒரு வழிக்கு 38,000. இந்த 38,000-ஐ அடிப்படையாக வைத்து அதே வகுத்தலைச் செய்து பாருங்கள்: 38,000-இல் 22,000 போக 16,000, அதை 85,000-ஆல் வகுத்தால் 19 பைசா. அதே சீட்டு, அதே மைல், ஆனால் ஒரு கணக்கில் 1.92, இன்னொன்றில் 19 பைசா.

இரண்டுமே சரியில்லை. எகானமியில் முட்டி இடிக்க ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து வருவதும், காலை நீட்டிப் படுத்து வருவதும் ஒன்றாகிவிடாது. அந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு. அது எவ்வளவு என்பது விமான நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்காது, உங்கள் வீட்டுக்காரர் மனதில்தான் இருக்கும். அதை வெளியே எடுக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். மாட்டுங்காவில் என் ஆபீசுக்கு ஒருவர் மனைவியோடு வந்திருந்தார், இதே மாதிரி மைல் பைத்தியம். ‘சகார் டெர்மினல் 2 கவுன்ட்டரில் நிற்கிறீர்கள். கையில் எகானமி டிக்கெட். பத்தாயிரம் கூடக் கொடுத்தால் படுக்கை சீட் என்கிறார்கள், கொடுப்பீர்களா?’ என்றேன். உடனே தலையாட்டினார். இருபதாயிரம்? ‘கொடுப்பேன்.’ முப்பது? கொஞ்சம் யோசித்து, ‘சரி.’ நாற்பது என்றதும் மனைவி பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள், ‘அந்தக் காசை என்கிட்ட கொடுங்கோ, நான் பக்கத்து சீட்ல உட்கார்ந்து காலை அமுக்கி விடறேன்’ என்றார். ஏலம் அங்கே முடிந்தது.

உங்கள் வீட்டுக்காரர் 35,000 வரை போவார் என்று வைப்போம். அவரைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 38,000-ஓடு 35,000 சேர்த்தால் 73,000. அதில் 22,000 போக 51,000. மைலுக்கு 60 பைசா. பிராங்பர்ட் டிக்கெட்டில் ஒரு மைலின் நியாயமான விலை இதுதான். அதுவும் அந்தப் பயணம் எப்படியும் போக வேண்டிய பயணமாக இருந்தால் மட்டும். இந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

நான் ஆடிட்டராக உட்காருவதற்கு முன் 11 வருஷம் ஒரு விமான நிறுவனத்தின் வருவாய்க் கணக்குப் பிரிவில் இருந்தவன். மைலை அந்தப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு டிக்கெட் விற்றால் பத்தாயிரத்தையும் வருமானம் என்று எழுத முடியாது. கூடவே மைல் கொடுத்திருக்கிறோம், அது பின்னால் வரப்போகும் ஒரு சீட்டுக்கான வாக்கு. எனவே டிக்கெட் விலையில் ஒரு பங்கைத் தனியே எடுத்துப் பொறுப்பு என்று, அதாவது கடன் பக்கத்தில் வைக்க வேண்டும். இந்தியாவில் 2018 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் 115-ஆம் எண் கணக்கியல் தரநிலை சொல்வதும் இதைத்தான். அந்தப் பங்கைக் கணக்கிட ஒரு மைலுக்கு நாங்களே விலை போட்டாக வேண்டும். அப்போது எதைப் பார்ப்போம் தெரியுமா? பிசினஸ் கிளாஸ் போஸ்டரைப் பார்க்க மாட்டோம். ஜனங்கள் நிஜமாக எந்தெந்த டிக்கெட்டுக்கு மைலைக் கொடுக்கிறார்கள், அந்த டிக்கெட்டுகள் சராசரியாக என்ன விலைக்கு விற்கின்றன, அப்புறம் எத்தனை மைல் கடைசிவரை யாராலும் தொடப்படாமலே போகும், இந்த மூன்றையும்தான்.

மூன்றாவதற்குத்தான் சண்டை நடக்கும். ‘பிரேக்கேஜ்’ என்பது புத்தகத்தில் உள்ள பெயர். எங்கள் மேலாளர் ‘தூங்குகிற மைல்’ என்பார். ஏப்ரல் மாதம், வருடக் கணக்கு முடிக்கிற நேரம், ராத்திரி எட்டு மணிக்குக் கட்டிங் சாய் குடித்துக்கொண்டே கேட்பார்: ‘இந்த வருஷம் எத்தனை பர்சென்ட் தூங்கும்?’ அந்த சதவீதத்தை ஒன்றிரண்டு ஏற்றினால் அந்த அளவுக்குக் கடன் குறையும், வருமானம் கூடும். வருகிற மார்ச்சில் காலாவதியாகப் போகும் உங்கள் 80,000 மைலையும் ஒரு ஆபீசில் யாரோ இப்படித்தான் எதிர்பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

மைல் உங்களுக்குச் சேமிப்பு மாதிரித் தெரியும், கொடுத்தவனுக்கு அது கடன். ஆனால் வட்டி கட்ட வேண்டாத கடன், வேண்டும்போது மதிப்பைக் கடன்பட்டவனே குறைத்துக்கொள்ளலாம். போன மாதம் 40,000 மைலுக்குக் கிடைத்த சீட்டுக்கு இந்த மாதம் 55,000 கேட்டால் நீங்கள் செய்யக்கூடியது அதிகமில்லை. மைலை எப்போது வேண்டுமானாலும் மாற்றவோ நிறுத்தவோ உரிமை உண்டு என்று விதிமுறைகளிலேயே அச்சடித்து வைத்திருப்பார்கள். வங்கி டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. மைலுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியதும் அதன் மைலை வைத்திருந்தவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று நின்றபோது மைல் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் தப்பித்தது, பெயரும் இன்டர்மைல்ஸ் என்று மாறியது, ஆனால் ஏறிப் போக அதற்கென்று சொந்த விமானம் இல்லை. விஸ்தாராவை 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைத்தபோது பாயின்ட்டுகள் ஒழுங்காக மாறி வந்துவிட்டன, அதையும் சொல்ல வேண்டும்.

கொடுக்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு ஒரே ஒரு உதாரணம். 2020 ஜூனில், கொரோனாவில் விமானங்கள் தரையில் நின்றபோது, அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தை அடகு வைத்துக் கடன் திரட்டக் கிளம்பியது. அப்போது அந்தத் திட்டத்துக்குப் போட்ட மதிப்பு ஏறக்குறைய 2,200 கோடி டாலர். பங்குச்சந்தையில் அன்றைக்கு நிறுவனத்தின் மொத்த மதிப்பே அவ்வளவு இல்லை. மைலை அச்சடித்து வங்கிகளுக்கு விற்பதில் அத்தனை காசு. உங்கள் கார்டில் வரும் பாயின்ட்டை மைலாக மாற்றும்போது, வங்கி அந்த மைலை விமான நிறுவனத்திடம் மொத்த விலைக்கு வாங்கித்தான் உங்களுக்குத் தருகிறது.

இப்போது உங்கள் டிக்கெட்டுகளுக்கு வருவோம்.

சிங்கப்பூர். மே மாதம் போக வர, எகானமி, ஒருவருக்கு 38,000 மைல், வரி 6,500 ரூபாய். நாலு பேருக்கு 1,52,000 மைல், 26,000 ரூபாய். அதே விமானத்தின் ரொக்க விலை ஒருவருக்கு 31,000 என்று படத்தில் வட்டம் போட்டு வைத்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் மூன்றாவது படத்தில் இன்னொரு மலிவு விமானம் 24,000-க்கு இருக்கிறதே, அதை ஏன் வட்டம் போடவில்லை? மைல் இல்லாவிட்டால் நீங்கள் எடுக்கப்போவது அதைத்தான். ஒப்பிட வேண்டிய விலையும் அதுதான்.

அதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. மலிவு டிக்கெட்டில் பெட்டி சேராது. தம்பி வீட்டுக்கு ஆண்டு நிறைவுக்குப் போகிற அக்கா வெறுங்கையோடு போகப்போவதில்லை. குழந்தைக்கு வெள்ளி அரைஞாண், பட்டு வேட்டி சட்டை வகையறா, இட்லிப் பொடி, அப்பளம், வடகம், தம்பி மனைவி போனில் ரகசியமாகக் கேட்டிருக்கும் இன்னும் நாலு சாமான். தலைக்கு 3,000 ரூபாய் பெட்டிக் கட்டணம் சேருங்கள். 27,000 வீதம் நாலு பேருக்கு 1,08,000. வரி 26,000 போக 82,000. அதை 1,52,000-ஆல் வகுத்தால் மைலுக்கு 54 பைசா.

பிராங்பர்ட்டில் 60 பைசா, சிங்கப்பூரில் 54 பைசா. அப்படியென்றால் அவர் சொல்வதுதான் சரியா? இங்கேதான் நான் மேலே விட்டுவைத்த வாக்கியம் வருகிறது. சிங்கப்பூருக்கு நீங்கள் எப்படியும் போகிறீர்கள். மைல் இல்லாவிட்டால் 1,08,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போயே தீரும். அந்த 54 பைசா கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய காசு. பிராங்பர்ட் பயணம் மைல் இருப்பதால் மட்டுமே கிளம்புகிற பயணம். அங்கே ஹோட்டல், ஷெங்கன் விசா, ஒரு வாரம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து யாரையாவது வரவழைப்பது, எல்லாம் புதுச் செலவு. போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. 15 வருஷம் ஒன்றாக இருந்ததற்கு ஒரு பயணம் போனால் தப்பா? ஆனால் அதை லாபக் கணக்கில் எழுதாதீர்கள், கொண்டாட்டச் செலவு என்று எழுதிவிட்டுப் போங்கள்.

அந்தக் கொண்டாட்டத்தின் பில்லையும் பார்த்துவிடலாம். இரண்டு பேர், போக வர, ஆக நாலு சீட்டு, 3,40,000 மைல். கையில் 2,40,000. கார்டு பாயின்ட் 90,000-ஐ இரண்டுக்கு ஒன்று என்று மாற்றினால் 45,000. இன்னும் 55,000 குறைகிறது, அதை மைலுக்கு 1 ரூபாய் 60 பைசா என்று விற்கிறார்கள். 88,000 ரூபாய். வரி, கட்டணம் நாலு தடவை 22,000, அது இன்னொரு 88,000. கார்டு பாயின்ட்டை மைலாக்காமல் வங்கியின் பயணத் தளத்திலேயே டிக்கெட் எடுத்தால் பாயின்ட்டுக்கு 50 பைசா கிடைக்கும் என்று உங்கள் நாலாவது படம் சொல்கிறது. அந்த 45,000 ரூபாயும் போயிற்று. மொத்தம் 2,21,000.

எகானமியில் இரண்டு பேர் பிராங்பர்ட் போய்வர 1,52,000 ரூபாய்தான். ஃப்ரீ டிக்கெட் அதைவிட 69,000 கூட. அதற்கு மேல் 2,40,000 மைலும் காலி. இந்த ஒரு பத்தியை மட்டும் அவரிடம் வாசித்துக் காட்டுங்கள், ஆனால் சாப்பிட்டு முடித்த பிறகு.

மைலைக் காசு கொடுத்து வாங்குவது பற்றி ஒரே வார்த்தை. அவர் மனதறிய 60 பைசா பெறும் சரக்கை 1.60-க்கு வாங்குகிறார். சீட்டு கண் முன்னால் இருக்கிறது, ஐந்நூறோ ஆயிரமோ மைல்தான் குறைகிறது என்றால் வாங்கலாம். ‘50 சதவீதம் போனஸ், இன்று நள்ளிரவோடு முடிகிறது’ என்று வருகிற மெயிலைப் பார்த்து வாங்கவே கூடாது. அடுத்த மாதமும் நள்ளிரவு வரும்.

மதுரைதான் எனக்குச் சுவாரசியம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு மும்பை–மதுரை ஒரு வழிக்கு 11,500 வரை போகிறது என்று போன வருஷம் நீங்கள் கொடுத்த பில்லையே அனுப்பியிருக்கிறீர்கள். இதே தூரத்துக்கு உங்கள் மைல் இருக்கும் வெளிநாட்டு நிறுவனத்தின் திட்டத்தில், அதோடு கூட்டணியில் இருப்பதால் அதே மைலை ஏற்கும் இந்திய விமானத்தில், 9,000 மைலும் 1,100 ரூபாயும். மைலுக்கு 1 ரூபாய் 16 பைசா. பிராங்பர்ட்டின் படுக்கை சீட்டைவிட மதுரையின் நெருக்கடி சீட்டு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெறுகிறது. காரணம் எளிது. பண்டிகை வந்தால் ரொக்க விலை ஏறும். உங்கள் திட்டத்தில் கூட்டணி விமானங்களுக்குத் தூரத்தை வைத்து நிலையான பட்டியல், அது தீபாவளி பார்க்காது. டிக்கெட் விலையோடு சேர்ந்து மைலும் ஏறுகிற திட்டங்களில் இந்த வித்தை பலிக்காது.

ஆனால் சீட்டு கிடைக்க வேண்டுமே. விற்காது என்று நினைக்கிற சீட்டைத்தான் மைலுக்குத் திறந்துவிடுவார்கள். தீபாவளி சமயத்தில் விற்காத சீட்டு ஏது? அதனால் இரண்டு வேலை செய்யுங்கள். ரயில் முன்பதிவை 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டார்கள், ஆனால் விமானத்தில் ஏறக்குறைய 11 மாதம் முன்பே திறந்துவிடுவார்கள். இப்போது ஜனவரி. இன்றே தேடலாம். இரண்டாவது, மும்பைப் பள்ளிகளில் தீபாவளி விடுமுறை நீளம், நம் ஊர் மாதிரி இரண்டு நாளில் முடியாது. ஒரு வாரம் முன்பே நீங்களும் குழந்தைகளும் போய்விடுங்கள். அவரும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரட்டும், ஒரு வாரம் மாமியார் வீட்டுத் திண்ணையிலிருந்து வேலை பார்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது. அந்த நாட்களில் ரொக்க விலையும் இறங்கி இருக்கும். 8,000 என்று வைத்தால் மைலுக்கு 77 பைசாதான் தேறும். இருந்தாலும் சிங்கப்பூரைவிட மேல். திரும்பி வருவது நெரிசலான நாளில், அங்கே அந்த 1.16 கிடைக்கும். நாலு சீட்டும் ஒரே விமானத்தில் கிடைக்காமல் போகலாம். நீங்களும் சின்னவரும் ஒன்றில், அவரும் பெரியவரும் மறுநாள் என்று பிரித்து எடுக்கத் தயாராக இருங்கள்.

ஆக மதுரைக்குப் போக வர நாலு பேருக்கு 72,000 மைல். மிச்சமாகிற பணம் போகும்போது 27,600, வரும்போது 41,600. சிங்கப்பூருக்கு 1,52,000 மைல், மிச்சம் 82,000 ரூபாய். மொத்தம் 2,24,000 மைலுக்கு 1,51,200 ரூபாய். சராசரி 67 பைசா சொச்சம். உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். உங்கள் வீட்டில் இருப்பது 4,60,000 இல்லை, ஒன்றரை லட்சம். நிறையப் பேருக்கு இதுவே பெரிய தொகைதான்.

இந்த 67 பைசாவை இனிச் சேரப்போகும் மைலுக்கும் போட்டுவிடாதீர்கள். நல்ல வேலை இரண்டையும் இருக்கிற மைல் முடித்துவிடுகிறது. மிச்சம் நிற்கும் 16,000-க்கும் இனி வருவதற்கும் இன்றைக்கு ஒரு வேலையும் இல்லை. எப்போது பயன்படும், அதற்குள் பட்டியல் மாறுமா என்று தெரியாத மைலுக்கு 50 பைசாவுக்கு மேல் நான் போட மாட்டேன்.

அந்த 50 பைசாவோடு நகைக்கடைக்குப் போவோம். உங்கள் கார்டு 100 ரூபாய்க்கு 2 பாயின்ட், அதாவது 1 மைல். 8 லட்சத்துக்கு 8,000 மைல், 4,000 ரூபாய். கார்டு என்றால் 2 சதவீதம் கூட ஆகும் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது 16,000. நாலாயிரத்தைப் பிடிக்கப் பதினாறாயிரத்தை விட வேண்டாம். தவிர, சில கார்டுகளில் நகைக்குப் பாயின்ட்டே கிடையாது, சிலவற்றில் மாத உச்சவரம்பு உண்டு, அதைப் படித்தீர்களா? 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்குச் சட்டம் இடம் தராது. வங்கிக் கணக்கிலிருந்து நேராக ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்புங்கள், அனுப்பும் முன் ‘கார்டு இல்லை, சேதாரத்தில் என்ன குறைப்பீர்கள்?’ என்று கேளுங்கள். சேதாரத்தில் ஒரு சதவீதம் இறங்கினாலே எட்டாயிரம் மைலைவிட அது பெரிசு. ஒருவேளை கார்டில் போட்டுவிட்டு அடுத்த மாதம் கட்ட முடியாமல் போனால், மாதம் 3.75 சதவீத வட்டியில் 30,000, அதன்மேல் ஜிஎஸ்டி 5,400. பிறகு மைலைப் பற்றிப் பேசவே மனம் வராது.

வீட்டுச் செலவு வருஷத்துக்கு 9 லட்சம் இந்தக் கார்டில் போகிறது என்கிறீர்கள். மைலாக மாற்றினால் 4,500 ரூபாய். பாயின்ட்டாகவே வைத்துப் பயணத் தளத்தில் கொடுத்தால் 9,000. நீங்கள் கேட்கிற ஒன்றரை சதவீத கேஷ்பேக் கார்டில் 13,500, அதிலும் வாடகை, பெட்ரோல் போன்றவற்றை விலக்கி வைத்திருப்பார்கள், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். எப்படிப் பார்த்தாலும் இந்த விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. இருக்கிற 90,000 பாயின்ட்டை மைலாக மாற்ற வேண்டாம். மாற்றினால் திரும்ப வராது. 45,000 ரூபாய்க்கு உள்ளூர் டிக்கெட்டாக எடுத்துவிடுங்கள், மதுரையில் சீட்டு கிடைக்காமல் போகும் பட்சத்தில் அது கை கொடுக்கும்.

அவர் ஆபீஸ் பயணத்தில் வரும் மைலை மட்டும் விடாமல் சேர்க்கட்டும். அது மாடியில் விழுகிற மழைத்தண்ணீர், பிடித்து வைப்பதில் நஷ்டம் இல்லை. கார்டில் வருவது டேங்கர் தண்ணீர், லாரிக்காரனிடம் விலை கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சேர்த்து வைத்துப் பின்னால் பெரிதாக எடுப்போம் என்பதற்கு நானே ஒரு சாட்சி. அம்மாவைக் காசிக்கு விமானத்தில் கூட்டிப் போக வேண்டும் என்று வேறொரு நிறுவனத்தில் மைல் சேர்த்தேன். இரண்டு பேருக்கு 40,000 வேண்டியிருந்தது, என்னிடம் 36,000 இருந்தது. ஒரு நாள் காலையில் பட்டியல் மாறி 60,000 ஆகிவிட்டது. அப்போது நான் என்ன வேலையில் இருந்தேன்? இப்படிப் பட்டியலை மாற்றும்போது கடன் பக்கம் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற வேலையில். நாங்கள் ரயிலில் போய்வந்தோம். அம்மா நன்றாகத் தூங்கினாள், நான்தான் தூங்கவில்லை.

செய்ய வேண்டிய வரிசை: இந்த ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் டிக்கெட்டை முதலில் எடுத்துவிடுங்கள். பழைய மைலைத்தான் வழக்கமாக முதலில் கழிப்பார்கள், மார்ச் 80,000 அதில் கரைந்துவிடும். எடுத்த பிறகு ரத்து செய்தால் காலாவதியான மைல் திரும்பி வருமா என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பல திட்டங்களில் வராது. அடுத்து மதுரை. பிராங்பர்ட் ஆசையை அடியோடு வெட்டிவிடாதீர்கள், பாவம். அடுத்த முறை ஆபீஸ் எகானமி டிக்கெட் போடும்போது, மிச்சமிருக்கிற 16,000-ஐயும் அதற்குள் சேர்வதையும் வைத்து ஒரு வழி மட்டும் பிசினஸுக்கு உயர்த்த முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். ராத்திரி விமானமாக இருக்கட்டும்.

சிங்கப்பூர் டிக்கெட்டில் தலைக்கு எத்தனை கிலோ என்று பார்த்துக்கொள்ளுங்கள். வடகம் எடை குறைவுதான், ஆனால் பெட்டியில் பாதி இடத்தை அது பிடித்துக்கொள்ளும்.